சிரமதானத்துக்குக் கூப்பிடுகிறார்கள், முடிவெடுக்கக் கூப்பிடுவதில்லை

2025 மே மாதத் தேர்தலுக்குப் பிறகு நமது பிரதேச சபைகள் மீண்டும் கூடத் தொடங்கிவிட்டன. நோர்வூட், மஸ்கெலியா, அம்பகமுவ, கொட்டகலை, அக்கரப்பத்தனை, நுவரெலியா என்று சபைகள் இருக்கின்றன. நமது வாக்கில் வென்ற நமது பிள்ளைகளும் அவற்றில் உட்கார்ந்திருக்கிறார்கள். சபைக்குப் போனாலும், பிரதேச செயலகத்துக்குப் போனாலும், தொண்டு நிறுவனங்கள் நடத்தும் பட்டறைக்குப் போனாலும் ஒரு சொல்லைத் தவறாமல் கேட்கிறோம்: மக்கள் பங்களிப்பு. நல்ல சொல்தான். ஆனால் அது லயத்துக்கு வந்து சேரும்போது அதற்கு ஒரே ஒரு பொருள்தான் மிஞ்சுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு மண்வெட்டியோடு வா என்பதே அந்தப் பொருள்.

போகிறோம். ஆறு நாள் மலையில் கொழுந்தெடுத்த அக்காமார் ஏழாம் நாள் கல் சுமக்கிறார்கள். பாதை வெட்டுகிறோம், கான் துப்புரவு செய்கிறோம், பாடசாலைச் சுவருக்கு மணல் ஏற்றுகிறோம். எந்தப் பாதை முதலில், எத்தனை அடி அகலம், சீமெந்து எத்தனை மூட்டை வந்தது, மிச்சம் எங்கே போனது என்று எவரும் நம்மிடம் சொல்வதில்லை. நாமும் கேட்பதில்லை. வேலை முடிந்ததும் ஒரு பெயர்ப்பலகை வருகிறது. கல் சுமந்தவர்களின் பெயர் அதில் இருக்காது. அதைக்கூட விட்டுவிடலாம். அடுத்த மழைக்குப் பாதை உடைந்தால் யாரிடம் போய்ச் சொல்வது என்பதாவது அதில் எழுதியிருக்க வேண்டும். அதுவும் இருப்பதில்லை.

இந்த இதழின் தலையங்கம் இதைப் பற்றியே பேசுகிறது. அரச சேவை ஒன்றில் மக்களையும் சேர்த்துக்கொள்வதென்றால் உண்மையில் என்ன? அப்படிச் சேர்ப்பதற்குத் தலைமை ஏற்பவர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும்? இதற்கு விடை தேடக் கடல் கடக்கத் தேவையில்லை. நமது நாட்டிலேயே, அம்பாறையில், நாற்பது வருடங்களுக்கு முன்பே ஒரு விடை கிடைத்திருக்கிறது. உலகத்துப் பல்கலைக்கழகங்களில் அதைப் படிக்கிறார்கள். நாம்தான் அதிகம் கேள்விப்படவில்லை.

கல் ஓயாத் திட்டத்தைத் தெரியும். சேனநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளத்தைக் கட்டி, 1950களில் விவசாயக் குடும்பங்களைக் குடியேற்றிய இடம் அது. 1956 ஜூனில் தமிழர்களின் இரத்தம் சிந்திய இடமும் அதுதான். அந்தத் திட்டத்தின் இடதுகரை வாய்க்கால் 1980இல் எந்த நிலையில் இருந்தது என்றால், மதகுகளில் பெரும்பாலானவை உடைந்து கிடந்தன. வருடக்கணக்கில் வாய்க்கால் துப்புரவு செய்யப்படவில்லை. தலைப்பில் இருப்பவர் தேவைக்கு மேல் தண்ணீர் எடுத்தார். கடைக்கோடியில் இருப்பவருக்குச் சேறுகூட வந்து சேரவில்லை. தலைப்பில் சிங்கள விவசாயிகள், கடைக்கோடியில் தமிழ் பேசும் விவசாயிகள். இந்த இரண்டு பக்கமும் ஒன்றாக உட்காரும் என்று நீர்ப்பாசனத் திணைக்களத்தில் நம்பியவர்கள் மிகக் குறைவு. விவசாயிகள் சோம்பேறிகள், தண்ணீரைத் திருடுகிறார்கள் என்றார்கள் அதிகாரிகள். அதிகாரிகள் ஜீப்பை விட்டே இறங்க மாட்டார்கள் என்றார்கள் விவசாயிகள்.

கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவகம் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 1981இல் அங்கே ஒரு வேலையை ஆரம்பித்தது. முதல் தொகுதியில் முப்பது பேரளவில் இளம் பட்டதாரிகளைப் பயிற்றி அனுப்பினார்கள். அமைப்பாளர்கள் என்று அவர்களுக்குப் பெயர். அவர்கள் போய்ச் சங்கம் ஆரம்பிக்கவில்லை. யாப்பு எழுதவில்லை, தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பதவி பிரிக்கவும் இல்லை. ஊருக்குள்ளேயே தங்கினார்கள். வீடு வீடாகப் போய், உங்கள் வாய்க்காலில் என்ன பிரச்சினை என்று கேட்டார்கள். ஒரே வயல் வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் பத்துப் பதினைந்து குடும்பங்களை ஒன்றாகக் கூட்டினார்கள். முதலில் உங்களால் இப்போதே செய்யக்கூடிய ஒரு வேலையைச் செய்யுங்கள், அமைப்பு பிறகு தானாக வரும் என்றார்கள்.

அந்த வருடம் குளத்தில் தண்ணீர் குறைவு. பிரிந்து நின்று சண்டை போடுவதற்கு எல்லாக் காரணமும் இருந்த வருடம். ஆனால் சில வாரங்களுக்குள்ளேயே பல வாய்க்கால்களில் விவசாயிகள் தாங்களாகவே இறங்கி மண் வெட்டினார்கள். முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சினார்கள். தங்களுக்குப் போதும் என்றபோது மதகை மூடிக் கீழே விட்டார்கள். தலைப்பில் இருந்த சிங்கள விவசாயி மிச்சம் பிடித்த தண்ணீர் கடைக்கோடித் தமிழ் விவசாயியின் வயலுக்குப் போனது. இதை யாரும் கட்டளையிடவில்லை.

பிரதிநிதியைத் தெரிவு செய்த விதத்தை நமது தோட்டக் கமிட்டிகள் கவனிக்க வேண்டும். வாக்கெடுப்பு வைக்கவில்லை. வாக்கெடுப்பு வைத்தால் கட்சி வந்துவிடும், வென்ற பாதி, தோற்ற பாதி என்று வாய்க்கால் இரண்டாகிவிடும் என்று அஞ்சினார்கள். எல்லோரும் ஒத்துக்கொள்ளும் ஒருவர் கிடைக்கும்வரை பேசினார்கள். சம்பளம் கிடையாது, வாகனம் கிடையாது. அப்படி இருந்தும் எவர் முன்வருகிறாரோ, அவரை மற்றவர்கள் நம்புகிறார்களோ, அவரே பிரதிநிதி. அவர் வெறுமனே மக்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பவர் அல்ல. வாய்க்காலில் உள்ளவர்கள் சொன்னதை எடுத்துக்கொண்டு போய்ப் பொறியியலாளர் முன்னால் வைக்க வேண்டும். பொறியியலாளர் சொன்னதைத் திரும்பி வந்து வாய்க்காலுக்குச் சொல்ல வேண்டும். காலப்போக்கில் மாவட்ட விவசாயக் குழுவிலும் விவசாயிப் பிரதிநிதிகள் அதிகாரிகளோடு சமமாக உட்கார்ந்தார்கள். எந்த வாய்க்காலை எப்படித் திருத்துவது என்ற விடயத்தில் அவர்களின் சொல்லுக்கு இடம் கிடைத்தது. இங்கேதான் சிரமதானத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. மண்வெட்டி பிடித்த கை முடிவிலும் இருந்தது.

1988இல் அரசாங்கம் பெரிய நீர்ப்பாசனத் திட்டங்கள் எல்லாவற்றிலும் விவசாயிகளோடு சேர்ந்து முகாமை செய்வது என்பதைக் கொள்கையாகவே ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு 1997இல் ஒரு சோதனை வந்தது. சிறுபோகத்துக்குக் குளத்தில் இருக்கும் தண்ணீர் 15,000 ஏக்கருக்கு மட்டுமே போதும் என்று அதிகாரிகள் கணக்குப் போட்டார்கள். விவசாயிகள் இருக்கிற தண்ணீரை எல்லோரும் பகிர்ந்துகொள்வோம் என்று முடிவெடுத்து, ஏறக்குறைய 65,000 ஏக்கரில் விதைத்தார்கள். நல்ல விளைச்சல் எடுத்தார்கள். அமைப்பாளர்களாக வந்த பட்டதாரிகளோ அதற்கு வெகு காலத்துக்கு முன்பே போய்விட்டார்கள். அவர்களுக்கு நிரந்தர வேலை கொடுக்கப்படவில்லை. ஆசிரியர் நியமனம் கிடைத்ததும் பெரும்பாலானோர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். (ஆசிரியர் தொழிலில் இருக்கும் எனக்கு இதை வாசித்தபோது சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது.) அமைப்பாளர் போன பிறகும் வாய்க்கால் குழு நின்றது என்பதுதான் விடயம். தலைவர் இல்லாவிட்டால் கலைந்துபோகும் கூட்டத்தை அவர்கள் கட்டவில்லை.

பொருளியலுக்காக 2009இல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரோம் அம்மையார் தமது 1990ஆம் ஆண்டுப் புத்தகத்தில் கல் ஓயாவைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர். அவரும் அவரது குழுவினரும் அதற்கு முன்பே, 1970களில், அமெரிக்க நகரங்களில் பொலிஸ் சேவையை ஆராய்ந்தார்கள். பொலிஸ் மட்டும் தனியே ஊருக்குப் பாதுகாப்பை உண்டாக்க முடியாது, தெருவில் இருப்பவர்களும் சேர்ந்துதான் அதை உண்டாக்குகிறார்கள் என்பதே அவர்கள் கண்டது. இது பாடசாலைக்கும் பொருந்தும். நான் வகுப்பில் நின்று எவ்வளவு கத்தினாலும், பிள்ளை படிக்காமல், வீட்டில் விளக்கெரியாமல், தாய் தகப்பன் பாடசாலைக்கு அனுப்பாமல் கல்வி என்ற சேவை உண்டாகாது. பெற்றோர் ஏற்கெனவே பாதி வேலை செய்கிறார்கள். ஆனால் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு அவர்களை எதற்காகக் கூப்பிடுகிறோம்? பணம் கேட்க, மணல் கேட்க, பரிசளிப்பு விழாவுக்குக் கதிரை அடுக்க. பிள்ளைகள் ஏன் எட்டாம் வகுப்போடு நின்றுபோகிறார்கள் என்று கூட்டத்தில் ஒரு தாயிடம் கேட்டவர்கள் எத்தனை பேர்?

கல் ஓயா வயல். நமக்கு வயல் இல்லை, லயம் இருக்கிறது. லயத்துக்குக் கிட்டிய உதாரணம் வேண்டுமென்றால் பாகிஸ்தானில் கராச்சி நகரத்து ஒராங்கிக் குடியிருப்பைச் சொல்லலாம். அனுமதியில்லாமல் ஏழைகள் குடியேறிய பெரிய பகுதி அது. கழிவுநீர் போக வழியில்லாமல் தெருவிலேயே ஓடியது. 1980இல் அக்தர் ஹமீது கான் என்ற முதியவர் அங்கே போனார். முதலில் ஒரு திட்டமும் சொல்லவில்லை. சந்து சந்தாக நடந்து மக்களோடு பேசிக்கொண்டே இருந்தார். பிறகு இருபது, முப்பது வீடுகள் கொண்ட ஒவ்வொரு சந்தும் தனக்கு ஒரு பொறுப்பாளரைத் தெரிவு செய்து, தாமே காசு சேர்த்து, தமது சந்துக் குழாயைத் தாமே புதைத்தது. வீட்டுக் கழிப்பறை, சந்துக் குழாய் இரண்டும் மக்கள் பொறுப்பு. பெரிய வடிகாலும் கழிவுநீரைச் சுத்திகரிப்பதும் அரசாங்கத்தின் பொறுப்பு. அந்தக் கோட்டை அவர் தெளிவாகப் போட்டார். அளவு எடுப்பது, குழாய் பதிப்பது என்று தொழில்நுட்ப உதவியைக் கொடுத்தார். காசை மட்டும் அவர் கையால் தொடவில்லை. காசு சந்துக்காரரிடமே இருந்தது, கணக்கும் அவர்களிடமே இருந்தது.

அந்தக் கோடுதான் நமக்கு முக்கியம். ஏனென்றால் மலையகத்தில் மக்கள் பங்களிப்பு என்று சொல்லும்போது நமக்குள் ஒரு கோபம் கிளம்புகிறது. அது நியாயமான கோபம். நுவரெலியா டவுனில் குழாய் போட வீட்டுக்காரரைச் சிரமதானத்துக்குக் கூப்பிடுகிறார்களா? இல்லை. அவர் பட்டியலைக் கட்டுகிறார், குழாய் வருகிறது. இருநூறு வருடங்களாகத் தேயிலையும் அதற்கு முன் கோப்பியும் போட்டு நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடிக் கொடுத்தவர்கள் மட்டும் ஏன் தமது குழாய்க்குத் தாமே குழி வெட்ட வேண்டும்? இந்தக் கேள்வியை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. ஊற்றிலிருந்து தாங்கி வரைக்கும் உள்ள பெரிய குழாய், தாங்கி, தண்ணீர்ப் பரிசோதனை எல்லாம் அரசின் கடமை. லயத்துக்குள் வரும் சின்னக் குழாய், முறை வைத்துத் திறப்பது, வாசலைச் சுத்தமாக வைத்திருப்பது ஆகியவை நம்மால் முடியும். அந்தக் கோட்டைத் தாண்டி வேலை கேட்டால் அதற்குக் கூலி கேட்கும் உரிமை நமக்குண்டு. ஒரு தொழிலாளிக்கு ஒரு பேர் போனால் வீட்டில் என்ன குறையும் என்று காரியாலயத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது.

உழைப்பை மட்டும் கொடுத்து உரிமையை வாங்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நமது கண்முன்னே உதாரணம் இருக்கிறது. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் முகாமைக்குக் கைமாறியபோது அரசாங்கம், கம்பனிகள், தொழிற்சங்கங்கள் மூன்றும் சேர்ந்த ஒரு நிதியம் வீடமைப்புக்கும் நலன்புரிக்கும் அமைக்கப்பட்டது. பிற்காலத்தில் அது பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் ஆயிற்று. அதன் ஊடாகச் சுயஉதவி வீடமைப்பு என்று ஒன்று வந்தது. தோட்டத்துக்குத் தோட்டம் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்தார்கள். கடன் கொடுத்தார்கள். தொழிலாளி மாலையிலும் ஞாயிறிலும் மண் வெட்டி, கல் சுமந்து, சுவர் எழுப்பினார். கடனைச் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்தார்கள். ஆக, வீடு என்ற சேவையை உண்டாக்கியதில் பெரும்பங்கு தொழிலாளியுடையது. உழைப்பும் அவருடையது, காசும் அவருடையது.

காணி உறுதி? கடனைக் கட்டி முடித்த பிறகும் பலருக்கு அது கைக்கு வரவில்லை. ஏழு பேர்ச்சஸ் காணியில் தனது கையால் கட்டிய வீட்டில் வாழ்ந்து, ஓய்வுபெற்று, செத்தும் போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் பிள்ளைகள் அந்த வீட்டைக் காட்டி வங்கியில் ஒரு கடன் எடுக்க முடியாது. பல தோட்டங்களில் அந்தக் கூட்டுறவுச் சங்கத்தின் தலைமைக் கதிரையில் உட்கார்ந்திருந்தவர் தோட்ட முகாமையாளரே. வேலை நேரத்தில் பெயர் போடுகிற துரையே பின்னேரம் கூட்டத்துக்கும் தலைவர் என்றால் அங்கே எழுந்து நின்று கணக்குக் கேட்கப்போகிறவர் யார்? பெயர் கூட்டுறவு. உள்ளே நடந்தது பிரட்டு.

எனவே அடுத்த திட்டம் எந்தப் பெயரில் வந்தாலும், அது தண்ணீரோ வீடோ பாதையோ, நாம் கேட்க வேண்டிய முதற் கேள்வி எத்தனை நாள் வேலை என்பதல்ல. இதன் முடிவு யார் கையில், இதன் கணக்கு யார் கையில், முடிந்த பிறகு இது யார் பெயரில் என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

தண்ணீரை எடுத்துக்கொள்வோம். ஊற்று மேலே மலையில் இருக்கிறது. மலை கம்பனியின் குத்தகையில் இருக்கிறது. தண்ணீர்க் கமிட்டி என்று ஒன்றை அமைத்து, தாங்கியைக் கழுவுவது, வடிகட்டித் துணியை மாற்றுவது, உடைந்த குழாய்க்கு ரப்பர் பட்டி கட்டுவது எல்லாம் நமது பொறுப்பு என்கிறார்கள். சரி. ஆனால் ஊற்றுக்கு மேலே உள்ள மலையில் புல்லுக்கு மருந்தடிப்பதா இல்லையா, அடித்தால் எந்த நாளில், எத்தனை யார் தள்ளி என்று தீர்மானிப்பவர் துரை. கமிட்டிக்கு அதில் சொல் இல்லை. மேலே மருந்தடித்த அடுத்த நாள் மழை வந்தால் கீழே தாங்கியை எத்தனை தரம் கழுவி என்ன? தண்ணீர்க் கமிட்டியோடு பேசாமல் ஊற்றுப் பிரதேசத்தில் மருந்தடிப்பதில்லை என்று நிர்வாகம் எழுத்தில் கொடுத்தால்தான் அது கமிட்டி. கொடுக்காவிட்டால் அது கம்பனிக்குச் சம்பளமில்லாத குழாய்த் திருத்துநர் குழு.

இன்னொன்று. பீலிக்கரையில் நிற்பவர்கள் யார்? பெண்கள். காலையில் பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, மலையேறி, மாலை கொழுந்து நிறுத்து முடித்து வந்து, மூன்றாவது வேலையாகக் குடம் தூக்குபவர்கள் அவர்கள். எந்த மாதத்தில் ஊற்று வற்றும், எந்தக் குழாயில் மண் வரும், எந்த லயத்தில் குழந்தைகளுக்கு வயிற்றோட்டம் அதிகம் என்று அவர்களுக்குத் தெரியும். கமிட்டிக் கூட்டம் இரவு ஏழு மணிக்குக் கோயில் மண்டபத்தில் நடக்கிறது. அந்த நேரத்தில் அவர்கள் அடுப்படியில் நிற்கிறார்கள். போனவர்களெல்லாம் ஆண்கள். பிறகு, பெண்கள் கூட்டத்துக்கு வருவதில்லை, ஆர்வமில்லை என்று அறிக்கை எழுதுகிறோம். கூட்டத்தைப் பீலிக்கரையிலேயே வைத்துப் பார்ப்போம். சம்பள நாளில், கொழுந்து நிறுக்கும் இடத்தில், அரை மணித்தியாலம் வைத்துப் பார்ப்போம். மாதர் சங்கத் தலைவியை மேடையில் பூமாலை போட மட்டும் அழைக்காமல், சாவியையும் கணக்குப் புத்தகத்தையும் அவர் கையில் கொடுத்துப் பார்ப்போம்.

நமக்குக் கூடி வேலை செய்யத் தெரியாது என்பது பொய். மாரியம்மன் திருவிழாவைப் பாருங்கள். வரி தண்டுவது, தேர் கட்டுவது, அன்னதானம், எந்த டிவிசனுக்கு எந்த நாள் பூசை என்று எல்லாவற்றையும் மக்களே தீர்மானிக்கிறார்கள். திருவிழா முடிந்து கணக்கு வாசிக்கும்போது கற்பூரம் எத்தனை பெட்டி என்பதுவரை கேள்வி வரும். பதில் சொல்லாமல் எந்தத் தலைவரும் வீட்டுக்குப் போக முடியாது. மரண வீடு ஒன்றில் யார் விறகு, யார் பந்தல், யார் குழி என்று யாரும் சொல்லாமலே நடக்கிறது. கோயில் கணக்கைக் கேட்கும் அதே வாய் சீமெந்துக் கணக்கைக் கேட்கும்போது ஏன் மூடிக்கொள்கிறது? கோயில் நம்முடையது என்று நினைக்கிறோம். பாதையும் தண்ணீரும் யாரோ கொடுத்தது என்று நினைக்கிறோம்.

அப்படி நினைக்கப் பழக்கியதில் தொழிற்சங்கங்களுக்கும் பங்குண்டு. இதைச் சங்கத்தின் பத்திரிகையிலேயே எழுத வேண்டியிருக்கிறது. மலையகத்தில் தலைமை என்றால் கொடுக்கும் கை என்றாகிவிட்டது. கூரைத் தகடு கொடுப்பவர் தலைவர், தண்ணீர்த் தாங்கி கொடுப்பவர் தலைவர், கோயிலுக்கு மணி கொடுப்பவர் தலைவர். கொடுப்பவருக்கு மாலை, வாங்குபவருக்கு வரிசை. சந்தா நம்முடையது, வாக்கு நம்முடையது, வரிப்பணமும் நம்முடையது. கடையில் சீனி வாங்கும்போதும் நாம் வரி கட்டுகிறோம். அந்தக் காசில் வந்த தகட்டைக் கையெடுத்துக் கும்பிட்டு வாங்குகிறோம். தோட்டத் தலைவர்மாரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்களில் பலர் சொந்தப் பேரை விட்டுக் காரியாலயத்துக்கும் பொலிசுக்கும் நடந்து தேய்ந்தவர்கள். ஆனால் எல்லாவற்றையும் தானே பேசி, தானே வாங்கி, தானே கொடுக்கும் தலைவர் நோய்ப்பட்டுக் கிடந்தால் தோட்டமே வாய்பேசாமல் போகிறது. கல் ஓயாவில் அமைப்பாளர் போன பிறகும் வாய்க்கால் ஓடியது என்று மேலே எழுதியது இதற்காகத்தான்.

இப்போது நமக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டம் தனியார் நிர்வாகத்தின் கீழ் உள்ள இடம், அங்கே சபைப் பணத்தைச் செலவழிக்க முடியாது என்று முப்பது வருடம் நம்மைத் திருப்பி அனுப்பினார்கள். தேர்தலில் வாக்குப் போடலாம், உறுப்பினராகலாம், ஆனால் நமது லயத்துப் பாதைக்கு ஒரு வண்டி கல் போட முடியாது. 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. தோட்டத்துக் குடியிருப்புகளுக்கும் பாதை, கிணறு, பொது வசதிகள் செய்து கொடுக்கச் சபைக்கு இப்போது சட்டத்தில் இடமுண்டு. இனி எந்தச் செயலாளராவது பழைய கதையைச் சொன்னால் திருத்தத்தை எடுத்துக் காட்டுங்கள். பணம் போதாது என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் போதாத பணத்தில் எதை முதலில் செய்வது என்ற முடிவு நடக்கும் இடத்தில் நாம் இருக்க வேண்டும்.

சபையின் அடுத்த வருட வரவு செலவுத் திட்டம் வருட முடிவுக்கு முன் சபைக்கு வரும். அதற்குள் ஒவ்வொரு லயமும் கூடட்டும். முழுத் தோட்டமும் வேண்டாம், டிவிசனும் வேண்டாம். ஒரே பீலியில் தண்ணீர் எடுக்கும் குடும்பங்கள் போதும். கல் ஓயாவில் வாய்க்கால் எப்படியோ, நமக்குப் பீலி அப்படி. அங்கே எந்தச் சங்கத்துச் சந்தா யார் கட்டுகிறார் என்று கேட்க வேண்டாம். இரண்டு, மூன்று சங்கத்துக்காரர்கள் ஒரே பீலியில்தான் குடம் வைக்கிறார்கள். எல்லோரும் ஒத்துக்கொள்ளும் ஒரு ஆணையும் ஒரு பெண்ணையும் தெரிவு செய்யுங்கள். தேவை என்ன, அதில் நாம் எத்தனை நாள் உழைப்புக் கொடுப்போம், எதைக் கொடுக்க மாட்டோம், முடிந்த பிறகு பராமரிப்புச் செலவுக்கு மாதம் வீட்டுக்கு எவ்வளவு, கணக்கு எங்கே எப்போது வாசிக்கப்படும் என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையொப்பமிடுங்கள். அந்தத் தாளோடு நமது வட்டார உறுப்பினரைப் போய்ப் பாருங்கள். அவர் வேறு கட்சியென்றாலும் போங்கள்.

கடந்த வருடங்களில் உங்கள் வட்டாரத்துக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எதற்குச் செலவழித்தார்கள் என்று தெரியாவிட்டால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் உத்தியோகத்தரிடம் கேட்கலாம். தமிழில் எழுதலாம். ஏன் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்ற முடிவை அவர் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். ஒப்படைத்ததற்குச் சீட்டு வாங்க மறக்காதீர்கள்.

எழுதக் கஷ்டப்படுபவர்கள் பாடசாலைக்கு வாருங்கள். உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதுவது பாடத்திலேயே இருக்கிறது. தங்கள் வீட்டுத் தண்ணீருக்காக எழுதும் கடிதத்தை எந்த வினாத்தாளுக்கும் எழுதுவதைவிட நன்றாக எழுதுவார்கள். எழுதிய தாளின் பிரதியை மாவட்டக் காரியாலயத்துக்கும் அனுப்பி வையுங்கள். எந்தப் பீலியில் என்ன முடிவெடுத்தார்கள், சபை என்ன பதில் சொன்னது என்பதை அடுத்தடுத்த இதழ்களில் தோட்டப் பெயரோடு வெளியிடுவோம். பதில் வராத தாள்களின் பட்டியலையும் வெளியிடுவோம்.